காய்ச்சல் விட்டதை நம்பாதவர்

விரலை என்ஜினின் அடிவயிற்றில் ஓட்டி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறார். விற்க வந்தவர் சிரிக்கிறார். “காலையிலதான் கழுவினேன், எப்படிப் பளபளன்னு இருக்கு பாருங்க!”

“அதான் பயமா இருக்கு. எதுக்குக் கழுவினீங்க?”

முகர்ந்து பார்த்தவர் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கி விற்பவர். பக்கத்துக் கடைக்காரர்கள் வைத்த பெயர் ‘மோப்பம்’. எண்ணெய்க் கசிவை மறைக்கத்தான் வண்டியைக் கழுவுகிறார்கள் என்பது அவர் கட்சி. யாராவது காரணமில்லாமல் புகழ்ந்துவிட்டால் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

வீட்டில் அவரும் அக்காவும்தான். போன மழைக்காலத்தில் அக்காவுக்கு டெங்கு வந்தது. சில வருஷங்களுக்கு முன்பும் ஒருமுறை வந்திருந்ததால், “உடம்புக்குப் பழகியிருக்கும்டா” என்று அக்கா அலட்டிக்கொள்ளவில்லை. அனலாய்க் கொதித்த உடம்பு ஒரு காலையில் தணிந்தது. எழுந்து தலை வாரிக்கொண்டார்.

“காய்ச்சல் விட்டுடுச்சுடா.”

தம்பி கையைப் பிடித்துப் பார்த்தார். சில்லென்றிருந்தது. குடித்த தண்ணீரும் வயிற்றில் தங்கவில்லை. வயிற்றை அழுத்திப் பிடித்தபடியேதான் அக்கா பேசினார்.

“கிளம்புக்கா, ஆஸ்பத்திரிக்கு.”

“என்னையும் வண்டி மாதிரி பாக்கறியா? நான் நல்லாத்தான் இருக்கேன்.”

“விக்க வர்றவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.”

ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது, ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கியிருந்தது. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்து, இன்னும் தாமதித்திருந்தால் கை மீறியிருக்கும் என்றார் டாக்டர். டெங்குக் கிருமியில் நான்கு வகையாம். முதலில் வந்த வகையைத் தடுக்க உடம்பு செய்து வைத்த எதிர்ப்புப் பொருள், பிறகு வரும் வேறு வகையையும் பிடிக்குமாம். ஆனால் சில சமயம் அதை ஒழிக்காமல், பிடித்த பிடியிலேயே நம் உயிரணுக்களுக்குள் கொண்டுபோய் விட்டுவிடுமாம்.

“அப்போ காவலுக்கு வச்ச ஆளே கதவைத் தொறந்துவிட்டானா?”

“கிட்டத்தட்ட அப்படித்தான்.”

மோப்பத்துக்கு முகம் கறுத்துவிட்டது. பிற மனிதர்களைத்தான் அவர் இதுவரை சந்தேகப்பட்டிருந்தார்.

சலைன் ஏறியது, அக்கா மெல்லத் தேறினார். வீட்டுக்குப் புறப்பட்ட அன்று டாக்டர் போகிற போக்கில் கேட்டார்: “உங்களுக்கு எப்பவாவது வந்திருக்கா?”

“இல்லவே இல்ல சார்.”

“நிச்சயமாச் சொல்ல முடியாது. நிறைய பேருக்கு வந்து போனதே தெரியாது. கொசு கடிக்காம பாத்துக்குங்க.”

வாசலில் அக்கா ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மோப்பம் தன் முன்னங்கையை வெளிச்சத்தில் திருப்பி, பச்சை நரம்பை உற்றுப் பார்த்தார். பிறகு மடித்துவிட்டிருந்த சட்டைக் கைகளை இறக்கி, மணிக்கட்டுவரை இழுத்து, இரண்டு பக்கமும் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.