திரையில் தெரியாத முற்றுப்புள்ளி

மீனவர் சங்கத்தில் அபொண்டிக்குப் பெரிய பதவி ஒன்றும் இல்லை. விக்டோரியா ஏரிக்குப் போகிறவர்களின் கைப்பேசிக்கு வானிலைச் செய்தி அனுப்பும் நிரலை எழுதியவள் அவள். அது முரண்டு பிடித்தால் திட்டு வாங்குகிறவளும் அவள்தான். அன்று மாலை அவள் கைப்பேசிக்கும் செய்தி வந்தது. "நலமா, சகோதரர்களே? ஏரி இப்போது அமைதி." அவ்வளவுதான். "இருட்டியதும் புயல்காற்று, யாரும் போகாதீர்கள்" என்ற மீதியைக் காணோம்.

இரவில் விளக்கு காட்டிப் பிடிக்கிற ஒமேனா மீனுக்குப் படகுகள் கிளம்புகிற நேரம் அது. அவள் கணவன் ஒகுட்டுவும் கிளம்பியிருப்பான். அழைத்துப் பார்த்தாள், லைன் கிடைக்கவில்லை.

"ஒடேரா, என்னத்தப்பா அனுப்பித் தொலைச்ச?"

செய்தி எழுதுகிற ஒடேரா திரையைத் திருப்பிக் காட்டினான். "முழுசாத்தான் இருக்கு, நீயே பாரு. உன் புரோகிராமுக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருக்கு."

உண்மைதான், திரையில் ஒரு வார்த்தை குறையவில்லை. தன் எண்ணுக்கு மட்டும் மறுபடி அனுப்பிப் பார்த்தாள். மறுபடியும் 'அமைதி'யோடு நின்றது.

"இந்த ஃபைலை எப்படிச் சேர்த்த?"

"என் கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு. அந்தப் பழையதுல நலம் விசாரிப்பையும் ஏரி நிலவரத்தையும் ஒண்ணா ஒட்டினேன். புயல் சேதி அப்புறம்தான் வந்துச்சு, கீழே சேர்த்தேன்."

மறைந்திருக்கும் எழுத்துகளையும் காட்டும் கட்டளையைப் போட்டாள். 'அமைதி'க்குப் பின்னால், கூரை போன்ற குறி (^) ஒன்றும் இசட் எழுத்தும் பல்லைக் காட்டின. இரண்டு கோப்புகளை ஒட்டும்போது, கதை முடிந்தது என்று அந்தக் கிழட்டு இயந்திரம் விட்டுச்செல்லும் அடையாளம் அது. செய்தி அனுப்பும் மோடமும் அதைக் கண்டால் அங்கேயே முடித்துக்கொள்ளும். கண்ணுக்கே தெரியாத பொடியனுக்கு ஒரு கரையையே மூழ்கடிக்கிற திமிர்!

அதை அழித்தாள். கையோடு நலம் விசாரிப்பையும் அழித்தாள்.

"ஏய், எடுத்த எடுப்புல கெட்ட சேதியா? பெரியவங்க திட்டுவாங்க."

"உயிரோட வந்து திட்டட்டும்."

"புயல் வருகிறது. உடனே திரும்புங்கள்." இந்த இரண்டு வரிதான் போனது. பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. கூரைத் தகரம் படபடக்கத் தொடங்கியது. ஒடேரா நகத்தைக் கடித்தான். அவள் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடித்தது. ஒகுட்டு. மகள் ரூத்தின் பெயரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிடுவான்.

"ரூத்தம்மா, எவன் இப்படி மரியாதை கெட்டத்தனமா மெசேஜ் போட்டது? நலமான்னு ஒரு வார்த்தை கேக்கல. கரையில எழவு விழுந்துருச்சோன்னு பயந்துபோய் எல்லாரும் படகைத் திருப்பிட்டோம். கரைக்கு வந்து பார்த்தா பின்னாலேயே காத்து!"

"நான்தான் போட்டேன்."

"அதானே பார்த்தேன்!" அவன் சிரித்தான். "அப்ப, ஏரி அமைதின்னு முன்னாடி போட்டது எந்த மடையன்?"

அவளால் சிரிக்க முடியவில்லை.

"அதுவும் நான்தான்" என்று சொல்லிவிட்டு அழுதாள்.