அளக்காத பெட்ரோல்

அளந்து பார்க்காமலே "சரியாக இருக்கிறது" என்பவர்களோடு பணிக்காலம் முழுக்க மல்லுக்கட்டியவன் நான். பஸ் பணிமனைப் பொறியாளராக ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான கொல்லிமலைக்குக் குடிவந்தால், அதே இனம் மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் கார்ப் பட்டறை போட்டுக் காத்திருந்தது.

மனைவிக்கு முழங்கால் மூட்டை மாற்றியிருந்தார்கள். வாரந்தோறும் நாமக்கல் போய்க் காலை மடக்கிப் பழக வேண்டும். விட்டால் இறுகிவிடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். முதல் முறை போய்த் திரும்புகையில், அடிவாரக் காரவள்ளி தாண்டிக் கொண்டை ஊசி வளைவில் கார் நின்றுவிட்டது. பின்னால் லாரி. அவளால் இறங்கி ஒதுங்கவும் முடியாது.

பட்டறைக்காரர் பெட்ரோல் பம்ப்பைப் புதிதாக மாற்றினார். அடுத்த வாரமும் மேட்டில் நின்றது.

"இனி இந்த வண்டியில ஏறமாட்டனுங்க. காலு மடங்குனா மடங்குது, இல்லாட்டிப் போவுது" என்றாள்.

மறுபடி பட்டறை. அவர் பிரஷர் கேஜை மாட்டிப் பெருமையாகக் காட்டினார்.

"பாருங்க சார், பிரஷர் பக்காவா இருக்குது."

"நிக்கிற வண்டியில இருக்கும். மேட்டுல இன்ஜின் நிறையக் குடிக்கும். பம்ப் எவ்வளவு தள்ளுதுன்னு அளந்தீங்களா?"

"பிரஷர் இருந்தா பெட்ரோல் வராம எங்கீங்க போவும்? நீங்க ரொம்பப் படிச்சுட்டீங்க சார்."

இதற்குப் படிப்பே வேண்டாம். இன்ஜினுக்குப் போகும் குழாயைக் கழற்றி அளவுக் குடுவைக்குள் விட வேண்டும். பம்ப்பை மட்டும் அரை நிமிடம் ஓட்டி, விழுந்ததைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அதைச் செய்ய வைக்க ஒரு முற்பகல் முழுக்கக் கத்தினேன். கார்க் கையேடு சொன்ன அளவில் பாதிகூட விழவில்லை.

டேங்குக்குள் இருந்த பம்ப்பை வெளியே எடுத்தோம். பம்ப் புதிது, அதன் அடியில் மாட்டும் வடிகட்டி வலை பழையது. கழற்றியதையே திரும்ப மாட்டியிருந்தார் மகராசன். வலை முழுக்க வெள்ளை நூல் பிசிறு, ஆட்டு ரோமம்போல் அப்பிக் கிடந்தது.

எங்கள் ஊரில் பாட்டிலில் பெட்ரோல் விற்கும் கடைக்காரர் என் காருக்குப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டித்தான் ஊற்றுவார். அவரிடம் போய் நின்றேன்.

"எல்லா வண்டிக்கும் இந்தத் துணிதானா?"

"அதெப்படீங்க சார்? மத்தவீங்களுக்கு ஒத்தத் துணி. உங்களுக்குன்னா நாலா மடிச்சுல்ல ஊத்தறனுங்க!"

இந்த மரியாதையை எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது?

டேங்கைக் கழுவிப் புது வலை மாட்டியதும் குடுவை நிரம்பியது. நான் தனியாக மலையேறி வந்து காட்டிய பிறகுதான் அவள் காரில் உட்கார்ந்தாள். அதற்குள் மூன்று வாரப் பயிற்சி போயிருந்தது.

"ஏம்மா இத்தனை நாள் வரல?" என்று கேட்டார் பயிற்சி கொடுப்பவர்.

"எங்கூட்டு வண்டிக்கு ஒடம்பு சரியில்லீங்க."

அவர் அவள் காலைப் பிடித்து மடக்கினார். முன்பு மடங்கிய அளவுக்குக்கூட மடங்கவில்லை. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார். மறுபடி அழுத்தியபோது அவள் போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

என் மணிக்கட்டை நசுக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடி சொன்னாள்: "ஏனுங்க, நாளைக்கு அந்தப் பட்டறைக்காரனக் கூட்டியாந்து இந்தக் கட்டில்ல படுக்க வைங்க."