காயாத மரவள்ளித் தோல்

ஜப்பான்காரன் காலத்தில், மலாயாவில் கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், எங்கள் வீட்டில் ஒரு பசு இருந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. சயாமில் ரயில் பாதை போட அப்பாவைக் கொண்டுபோய்விட்டார்கள். அம்மாவுக்கு நானும் அந்தப் பசுவும்தான் துணை.

வரிசையாக ஒட்டிக் கட்டிய கூலி வீடுகளான எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. எல்லா வீட்டுக் கழுநீரும் எங்கள் கொட்டகைத் தொட்டிக்குத்தான் வரவேண்டும். அரிசியே இல்லாதபோது கழுநீர் ஏது? எல்லோரும் மரவள்ளியைத் தின்று நாளைக் கடத்தினோம். அதன் தோலைப் பசுவுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதையும் அவித்துத் தின்னும் அளவுக்குப் பசி இருந்தது. யாரும் தின்னவில்லை. அது எவ்வளவு பெரிய கொடை என்பது தொண்ணூறை எட்டிவிட்ட இந்த வயதில்தான் எனக்கு முழுதாகப் புரிகிறது.

பச்சைத் தோலில் நஞ்சு உண்டு. இரண்டு நாள் வெயிலில் காய்ந்த பிறகே பசுவுக்கு வைக்க வேண்டும் என்பது அம்மாவின் கண்டிப்பு. ஒருமுறை மூன்று நாள் விடாத மழை. அம்மா வேலைக்குப் போயிருந்தாள். பசு பசியில் கத்திக்கொண்டே இருந்தது. கேட்கப் பொறுக்காமல் ஒரு கூடை ஈரத் தோலை அதன் முன் கொட்டினேன்.

அம்மா திரும்பியபோது பசு நுரை தள்ளித் தரையில் கிடந்தது. கூடியவர்கள் பாம்பு தீண்டியிருக்கும் என்றார்கள். வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் குனிந்து பார்த்தார்.

"சாகுறதுக்குள்ள ஜப்பான்காரன்கிட்ட குடுத்துரு தங்கச்சி. ரெண்டு படி அரிசியாவது கிடைக்கும்லா."

எதிர்வீட்டு அக்கா கைக்குழந்தையோடு நின்றாள். அவளுக்குப் பால் சுரக்கவில்லை. அந்தக் குழந்தை எங்கள் பசுவின் பாலில்தான் உயிர்வளர்த்தது. அதன் முகத்தைப் பார்த்ததும் என்னால் ஒளிக்க முடியவில்லை. பச்சைத் தோல் வைத்ததைச் சொல்லிவிட்டேன்.

அடி விழும் என்று காத்திருந்தேன். அதற்குள், செய்தி கேட்டு வந்திருந்த, தோட்டத்துக் கணக்கரான கிராணியின் மனைவி பேசினார். யாழ்ப்பாணத்துக்காரர், அதுவரை லயத்துக்குள் அவர் காலெடுத்து வைத்ததில்லை.

"தோல்தானே? பயப்பிடாதேங்கோ. ஊரில எங்கட மாட்டுக்கும் இப்பிடி வந்தது. சக்கரை கரைச்சுப் பருக்கினா எழும்பும்."

சர்க்கரையைக் கண்ணால் கண்டு மாதக்கணக்காகியிருந்தது. காய்ச்சலில் கிடந்த கணவருக்கென்று பதுக்கிவைத்திருந்த தென்னஞ்சர்க்கரை முழுவதையும் அவரே எடுத்துவந்தார். அக்கா குழந்தையை என் மடியில் கிடத்திவிட்டு, பசுவின் தலையைத் தோளில் தாங்கினாள். மண்டோர் அதன் வாயைத் திறந்து பிடிக்க, அம்மா சிறிது சிறிதாக ஊற்றினாள்.

"ஏண்டி, மாட்டுக்கு விருந்தா வச்ச?" என்றாள் அக்கா, என்னைப் பார்த்து. அவள் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது.

பொழுது சாய்வதற்குள் பசு தள்ளாடி எழுந்து நின்றது. இரண்டு நாள் அதன் பாலைக் கொடுக்க அம்மா அஞ்சினாள். குழந்தைக்கு மரவள்ளிக் கஞ்சிதான். மூன்றாம் நாள் பாலோடு என்னையே அனுப்பினாள். அக்கா கடிந்து ஒரு சொல்லும் சொல்லாமல் வாங்கிக்கொண்டாள்.

மழை அதற்குப் பிறகும் நிற்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தோல் காய்ந்தே வந்தது. சொல்லிவைக்காமலே எல்லோரும் அடுப்புக்கு மேல் கயிறு கட்டி உலர்த்தியிருந்தார்கள்.

போர் முடிந்தும் பல ஆண்டுகள் அந்தப் பசு உயிரோடிருந்தது. அம்மா அதை எங்கள் மாடு என்று சொல்லி நான் கேட்டதில்லை. யார் கேட்டாலும் லயத்து மாடு என்பாள்.