தென்துருவத்தில் எரிந்த நெருப்பு

தில்லியில் வேலை பார்த்துக்கொண்டே பி.ஏ. முடித்தவள் என்று யாராவது என்னைப் பாராட்டினால் எனக்கு அருவருப்பாக இருக்கும். அந்தப் பட்டம் எப்படிக் கிடைத்தது என்று எனக்குத் தெரியும்.

எழுபதுகளின் கடைசி. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்தேன். பட்டம் இருந்தால்தான் மேல் பதவிக்கான தேர்வு எழுதலாம். இல்லாவிட்டால் ரிட்டயர் ஆகும்வரை அடுத்தவர் எழுதியதை அடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அதனால் அஞ்சல் வழியில் ஆங்கில இலக்கியம் சேர்ந்தேன். ஜனக்புரியில் ஒரு தமிழ் அதிகாரி ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் ட்யூஷன் எடுத்தார். குமாஸ்தாக்கள் நாங்கள் ஒரு கூட்டம் மொசைக் தரையில் உட்கார்ந்து எழுதுவோம். ஸார் நாற்காலியில். அந்த அறையிலிருந்த ஒரே ஹீட்டர் அவர் கால்களைப் பார்த்தபடி இருக்கும்.

பாடத்தில் ஒரு பழைய ஆங்கிலப் பயங்கரக் கதை. ஒருவன் பிணங்களின் துண்டுகளைச் சேர்த்து ஓர் உருவத்துக்கு உயிர் கொடுக்கிறான். அது கண் திறந்ததும் பயந்து ஓடிவிடுகிறான். யாரும் கிட்டே சேர்க்காத அந்த உருவம் கொலை செய்யத் தொடங்குகிறது. கடைசியில் இருவரும் வடதுருவத்துப் பனிக்கட்டியில் அலைகிறார்கள். படைத்தவன் அங்கே சாகிறான். தன்னை எரித்துக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டு அது போய்விடுகிறது. இதில் நெருப்பும் பனியும் எதைக் குறிக்கின்றன என்று தேர்வில் தவறாமல் கேட்பார்கள்.

ஸாரிடம் விடை தயாராக இருந்தது. நெருப்பு என்றால் ஆசை, பனி என்றால் அறிவு. ஆசை அழிக்கும், அறிவு காக்கும். தென்துருவத்தின் பனியில் ஆசை அணைந்தது, முற்றும்.

நான் தரியாகஞ்ச் நடைபாதையில் அந்தப் புத்தகத்தை வாங்கிப் படித்திருந்தேன்.

"ஸார், புக்குல வடதுருவம்னு இருக்கு."

"ஏதோ ஒரு துருவம்மா. ரெண்டு இடத்துலயும் பனிதான். நீ என்ன டிக்கெட்டா வாங்கப்போறே?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் விடவில்லை. "பனி காப்பாத்துதுங்கறீங்க. அங்கதானே அவன் சாகறான்?"

"புக்கையெல்லாம் யாரு உன்னைப் படிக்கச் சொன்னா? ஜல்தி எழுது. அடுத்த கேள்விக்குப் போகணும்."

எனக்கு அந்தக் கதை புரிந்தது பால் பூத்தை வைத்துத்தான். தில்லிக்கு வந்த புதிதில், என் முதல் குளிர்காலம். விடிவதற்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். மரப்பெட்டி, அட்டை என்று எதையாவது போட்டுக் கொளுத்திச் சுற்றி நிற்பார்கள். எனக்கு யாரையும் தெரியாது, ஹிந்தியும் வராது. தள்ளியே நின்று நடுங்குவேன். ஒருநாள் ஒரு பஞ்சாபி அம்மாள் பக்கத்து ஆளை முழங்கையால் இடித்து, "ஹட் நா, மதராசன் ஜம் ஜாயேகி" என்றாள். நகரு, இந்த மதராசிக்காரி விறைத்துப்போவாள். அந்த ஆள் நகர்ந்தான். நான் கையை நீட்டிக் குளிர் காய்ந்தேன்.

கதையிலும் அந்த உருவம் யாரோ விட்டுப்போன நெருப்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக் கையை உள்ளே விடுகிறது. சுட்டுவிடுகிறது. இவ்வளவு தூரத்தில் நில் என்று சொல்ல அதற்கு ஆள் இல்லை. நகர்ந்து இடம் கொடுக்கவும் யாரும் இல்லை. யாரும் நகராத இடம்தான் அந்தக் கதையில் பனி. ஆசையாவது, அறிவாவது.

ஆனால் தேர்வில் ஸார் சொன்னதைத்தான் எழுதினேன். எனக்கு வேண்டியது பட்டம்.

முடிவு வந்தபோது எங்கள் கூட்டம் மொத்தத்துக்கும் அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். எல்லா விடைகளும் எழுத்து மாறாமல் ஒன்றுபோல இருந்தனவாம். எல்லாவற்றிலும் தென்துருவம். காப்பி அடித்ததாக முடிவு செய்தால் சில வருஷங்களுக்குத் தேர்வு எழுதவே முடியாது. விசாரணைக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள்.

மேஜைக்குப் பின்னால் மூன்று பேராசிரியர்கள் சமோசா தின்றுகொண்டிருந்தார்கள். நான் யாரையும் பார்த்து எழுதவில்லை, புத்தகத்தைப் படித்தவள் என்றேன். நெருப்பும் பனியும் எனக்கு எப்படிப் பட்டன என்று சொல்ல ஆரம்பித்தேன். பால் பூத்துக்கு வருவதற்குள் தலைவர் கையை உயர்த்தினார்.

"இது உன் விடைத்தாளில் இருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை."

"பிறகு எதற்குச் சொல்கிறாய்? எழுதியதைச் சொல்."

சொன்னேன். நெருப்பு ஆசை, பனி அறிவு என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். இன்னொருவர் என் விடைத்தாளில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். தென்துருவம் வந்ததும் தலையை ஆட்டி, "கரெக்ட்" என்றார்.

மனப்பாடம் குற்றமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். எல்லோரும் பாஸ். பின்னால் இலாகா தேர்வு எழுதி மேல் பதவிக்கும் போனேன்.

பாஸ் என்று முடிவு வந்ததும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸார் எங்களைக் கூப்பிட்டு லட்டு கொடுத்தார். புது பேட்ச் தரையில் உட்கார்ந்திருந்தது. "யுனிவர்சிட்டியே விசாரிச்சுப் பார்த்துட்டு ஒத்துக்கிட்ட நோட்ஸ் இது, அச்சா?" என்று அவர்களிடம் சொன்னார்.

"இப்பவாவது வடதுருவம்னு மாத்துங்க ஸார்" என்றேன்.

"தென்துருவம்னு எழுதினவங்கதான் பாஸாகியிருக்கீங்க. நான் ஏன் மாத்தணும்?"

நான் அந்தப் புதியவர்கள் பக்கம் திரும்பி, தென்துருவத்தை அடித்துவிட்டு வடதுருவம் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். ஒருவர் பேனாவும் அசையவில்லை. எல்லோரும் ஸார் முகத்தையே பார்த்தார்கள். லட்டை ஹீட்டர் மேல் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.