கடிகாரம் பார்க்கும் டீச்சர்

முக்கூடல் பள்ளிக்கூடத்தில் என் மகளின் மூன்றாம் வகுப்பு டீச்சரை எனக்கு ஆரம்பத்தில் பிடிக்கவே இல்லை. ஒல்லியான உடம்பு. உள்மணிக்கட்டில் கட்டிய கடிகாரத்தைப் பாடத்தின் நடுவே அடிக்கடி பார்ப்பார்.

ஆட்டிசம் உள்ள பிள்ளை என்று ஒரு பள்ளி ஏற்கெனவே என் மகளைத் திருப்பி அனுப்பியிருந்தது. அதனால் பத்து நாள் சன்னலோரம் நின்று வேவு பார்த்தேன். தினமும் இடைவேளைக்குச் சற்று முன்னால் டீச்சர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவளை மட்டும் வெளியே அனுப்பினார். அவள் வராந்தா திரும்பி மறைந்துவிடுவாள்.

பொறுக்காமல் கேட்டுவிட்டேன். "எம்பிள்ளைய மட்டும் ஏன் டீச்சர் வெளிய அனுப்புதிய?"

"மணி அடிக்கத்தான், அண்ணாச்சி. திடீர்னு சத்தம் கேட்டா காதப் பொத்திக்கிட்டு அழுதா. அவளே அடிச்சா பயம் இல்லல்லா?"

டீச்சர் அதோடு விடவில்லை.

"நான்லா ஒங்களச் சந்தேகப்பட்டேன். முன்னால ஒருத்தரும் இப்படித்தான் சன்னல்ல நின்னு பாத்தாரு. மறுவாரமே பிள்ளையப் பள்ளிக்கூடத்த விட்டு நிப்பாட்டிட்டாரு."

இப்போது நான் சன்னல் பக்கம் போவதில்லை. எதிரே என் டீக்கடையில் நின்றபடி அந்த மணிக்குக் காது கொடுக்கிறேன். ஒரு நிமிடம் பிந்தினாலும் டீச்சர் மேல் பழைய சந்தேகம் எட்டிப் பார்க்கிறது. பிறகு என் மகள் அடிக்கிறாள், தெருவுக்கே கேட்கும்படி.