ஆசிட் தொட்டியும் வெல்லக்கட்டியும்

பிளஸ் ஒன் வகுப்பில் பாடம் நடத்த ஹைட்ரோகுளோரிக் அமிலப் புட்டியைத் திறந்தேன். மூக்கில் ஏறிய நெடியில் எங்கள் கவரைப்பேட்டை வீடு வந்துவிட்டது.

நைனா கும்மிடிப்பூண்டிக் கம்பித் தொழிற்சாலையில், ஆசிட் தொட்டியில் கம்பிகளை முக்கித் துருவெடுப்பார். சட்டையெல்லாம் பொடிப்பொடி ஓட்டைகள். அம்மா அதைத் தனியாகத்தான் துவைப்பாள். புகைக்கு மருந்தென்று அங்கே தினமும் வெல்லம் கொடுப்பார்கள். நைனா அதைக் காகிதத்தில் மடித்து எனக்குக் கொண்டுவருவார்.

"உனக்கு வாணாமா நைனா?"

"எனக்கு இரும்பு நெஞ்சும்மா. நீ துன்னுட்டுப் படி."

இருமிக்கொண்டேதான் சொல்வார்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். ஆராய்ச்சிக்கூடம் வரை போனேன். போன மாதம் அதை விட்டு இந்தப் பள்ளிக்கு வந்தபோது நைனா சாப்பிடவேயில்லை.

"அம்மாம் பெரிய லேப்ப உட்டுட்டு ஸ்கூலு டீச்சரா? இன்னாத்துக்கு?"

திறந்த புட்டியின் நெடி வகுப்பெங்கும் பரவியது.

"எங்கப்பா சட்ட வாசன, மிஸ்," என்றாள் முதல் பெஞ்சுப் பெண். சிலர் சிரித்தார்கள்.

"எங்க நைனா சட்டையும் இதே வாசனதான்," என்றேன். சிரிப்பு நின்றது.

"வெல்லம் துன்னா சரியாப்பூடுமாம் மிஸ். ஆனா அப்பா எனக்கு எடுத்தாந்து குடுத்துடுது."

புட்டியை மூடினேன்.

"வெல்லம் போற வழி வேற, புகை போற வழி வேறம்மா. வரைஞ்சு காட்டறேன், அப்பாகிட்டப் போய்ச் சொல்லு," என்று சாக்பீஸை எடுத்தேன்.

நைனாவின் 'இன்னாத்துக்கு'க்குப் பதிலாக, சாயங்காலம் இந்தப் பெண்ணைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.