உச்சவரம்புக்கு நாங்கள் போட்ட வரப்பு

மேடைத் தமிழ் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வரும். எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி. மைக்கைப் பிடித்ததும் வீட்டில் பேசுகிற பேச்சு மறந்துபோகிறது இவர்களுக்கு. கை தட்டினார்களா என்று பார்ப்பார்களே தவிர, எதிரில் உட்கார்ந்திருப்பவனுக்கு விளங்கியதா என்று பார்த்தவர் ஒருவரும் இல்லை. அப்படி விளங்காமல் போன ஒரு வார்த்தைதான் எங்கள் வயிற்றில் அடித்தது.

அறுபதுகளின் தொடக்கம் அது. இலுப்பூருக்குப் பக்கத்தில் ஒரு கண்மாய்க்குக் கீழே நானும் என் வீட்டுக்காரரும் வாரத்துக்கு வயல் பார்த்துக்கொண்டிருந்தோம். விளைவதில் பாதி நிலத்துக்காரருக்கு, பாதி எங்களுக்கு. என் மாமனார் காலத்திலிருந்து அதே வயல், அதே பாதி. சமஸ்தானம் போய் சர்க்கார் வந்தது. பாதி மட்டும் அப்படியேதான் இருந்தது. நிலத்துக்காரர் திருக்கோகர்ணத்தில் மாடி வீட்டில் இருந்தார். களத்தில் நெல் அளக்கிற அன்றுதான் ஊர்ப்பக்கம் தலை காட்டுவார். அவர் ஆளுங்கட்சி. அவருடைய மைத்துனர் எதிர்க்கட்சி. ஓட்டுப்பெட்டியில் எது விழுந்தாலும் மாலை அந்தக் குடும்பத்துக்குத்தான் போகும். இதற்குக் கொள்கை என்று பெயர் வேறு.

ஒரு நாள் இலுப்பூர் சந்தைத் திடலில் கூட்டம். எங்கள் நிலத்துக்காரர் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பேச வந்தவர் முஷ்டியை உயர்த்தி, "உச்சவரம்பைக் கொண்டுவந்தே தீருவோம்! உழுபவனுக்கே நிலம்!" என்று முழங்கினார். நிலத்துக்காரர்தான் முதலில் கை தட்டினார். அடுத்த வாரம் எதிர்க்கட்சிக் கூட்டம். மேடையில் மைத்துனர். "உச்சவரம்பு எங்கே? எங்கே உச்சவரம்பு?" என்று அதே வார்த்தையைத் திருப்பிப் போட்டார்கள். அதற்கும் கை தட்டல்.

ஒருவர் இன்ன அளவுக்கு மேல் நிலம் வைத்திருக்கக் கூடாது என்பதுதான் அந்த வார்த்தைக்கு அர்த்தம். இரண்டு மேடையிலும் அதை ஒருவராவது வாய் திறந்து சொல்லவில்லை. நாங்கள் வரப்பு என்பதைப் படித்தவர்கள் வரம்பு என்பார்கள். அது எங்களுக்குத் தெரியும். அப்படியானால் உச்சவரம்பு என்றால் என்ன? உயரமான வரப்பு. வேறென்ன?

கூட்டம் முடிந்து நடந்து வரும்போது என் வீட்டுக்காரர் சொன்னார்: "வரப்ப ஒசத்திப் போடணுமாம் புள்ள. யாரு வரப்பு ஒசந்து நிக்கிதோ அவுகதான் உழுறவுகன்னு ஆபீசர் கண்டுக்கிருவாராம். நெலம் அவுகளுக்குத்தானாம்."

"நெசமாவா சொல்றீங்க?"

"ரெண்டு கட்சிக்காரனும் சொல்றான். பொய்யாவா இருக்கும்?"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கணக்குப்பிள்ளை நிலம் அளக்க வந்தால் வரப்பில்தானே நடப்பார்? கண்மாய் வற்றிய கோடையில் மண் வெட்டிக் கூடை கூடையாகச் சுமந்தோம். நான் சுமக்க, அவர் மிதித்துக் கெட்டிப்படுத்துவார். உச்சி வெயிலிலும் நிற்கவில்லை. நம் பெயருக்கு வரப்போகிற வயல் என்ற நினைப்பில் கழுத்து வலி கூடத் தெரியவில்லை. ஊரில் அப்படியொரு வரப்பு கிடையாது.

நடுவில் ஒரு நாள் நிலத்துக்காரர் வில்வண்டியில் வந்து இறங்கினார். எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டார். என் வீட்டுக்காரர் ஒளிக்கத் தெரியாதவர். "உச்சவரம்புக்குங்கய்யா" என்றார்.  நிலத்துக்காரர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்லாப் போடுங்க, இன்னும் ஒசத்துங்க" என்றார். ஒரு வார்த்தையில் விளக்கியிருக்கலாம். மனசாட்சி இருந்தால் விளக்கியிருப்பார்.

அந்தச் சட்டத்தை நான் குறை சொல்லமாட்டேன். அதைக் கொண்டுவந்த விதத்தைத்தான் சொல்கிறேன். தோப்புக்கு விலக்கு, மேய்ச்சல் நிலத்துக்கு விலக்கு, தருமத்துக்கு விலக்கு என்று ஓட்டை வைத்தே தைத்த சட்டை அது. வருகிறது வருகிறது என்று ஊர் ஊராக முழங்கி, நிலம் இருக்கிறவர்களுக்குப் போதுமான அவகாசமும் கொடுத்தார்கள். எங்கள் நிலத்துக்காரர் மேட்டு நிலத்தில் முந்திரிக் கன்றை ஊன்றித் தோப்பு என்றார். மீதியைத் தங்கை, தங்கை மகள் என்று பெயர் மாற்றினார். வாரக்காரன் ஒருவன் வயலில் இருந்தால் நாளைக்கு உரிமை கேட்பான், வம்பு என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. வக்கீல் வைத்திருந்தவர்களுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்தது. எங்களுக்கு மேடைதான் வக்கீல்.

ஆடி பிறப்பதற்கு முன்னால், யார் நிலத்தை யார் உழுகிறார்கள் என்று கணக்கெடுக்க ஆபீசர் வந்தார். நிலத்துக்காரரும் கூடவே வந்தார். ஆபீசர் எங்கள் வரப்பில் ஏறி நின்று, "பிரமாதமா இருக்கே, யார் போட்டது?" என்று கேட்டார். என் வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நாந்தாங்கய்யா" என்று இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். நிலத்துக்காரர் அவர் தோளில் கை வைத்தார். அதற்கு முன் ஒருநாளும் அவர் எங்களில் யாரையும் தொட்டதில்லை.

"நம்ம ஆளுதான். சொந்தப் பண்ணை, கூலி குடுத்துப் போடச் சொன்னேன். என்னப்பா?"

"ஆமாங்கய்யா" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் தூரத்திலிருந்து கத்தினேன். "கூலி இல்லங்கய்யா! நாங்க வாரக்காரங்க! மாமனார் காலத்துலேருந்து உழுவுறோம்!"

ஆபீசர் என் பக்கம் திரும்பவே இல்லை. "அந்தம்மாவப் பேசாம இருக்கச் சொல்லுய்யா" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார். சொந்த சாகுபடி. வரப்பே சாட்சி.

வண்டி போன பிறகு கேட்டேன். "ஏங்க அப்புடிச் சொன்னீக?"

"அய்யா கேக்குறப்ப இல்லேன்னா சொல்லச் சொல்ற? நம்ம ஆளுன்னு சொன்னாரே புள்ள" என்றார். ஏமாந்துபோனது அவருக்கு அதற்குள் விளங்கிவிட்டது.  அவர்மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. இல்லை என்று சொல்லப் பழகாமலே வளர்ந்த மனிதர் அவர். உழுபவனுக்கே நிலம் என்று முழங்கியவர்கள், உழுபவன் நிலத்துக்காரர் முகத்துக்கு நேரே ஒரு இல்லையைச் சொல்ல முடியுமா என்று யோசித்தே பார்க்கவில்லை.

ஆடியில் அந்த வயலில் வேறு ஏர் இறங்கியது. நடவுக்கு ஆள் வேண்டும் என்று எங்கள் வீட்டுக்கும் சொல்லி அனுப்பினார்கள். உலையில் போட வீட்டில் ஒன்றும் இல்லை. போனேன், கூலிக்கு.